யாரும் தொடாத எக்செல் ஃபைலின் தேதி ஏன் மாறுகிறது?

போன மாதமே முடித்து மூடிவைத்த கணக்கு ஃபைல். நேற்று ஒருவர் அதைத் திறந்து ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மூடினார். இன்று ஃபோல்டரைப் பார்த்தால் 'டேட் மாடிஃபைட்' பத்தியில் நேற்றைய தேதி நிற்கிறது. உள்ளே எந்த எண்ணை யார் மாற்றினார்கள் என்று உடனே சந்தேகம் கிளம்பும்.

பெரும்பாலும் யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். டிஸ்க்கில் இருக்கும் அந்த ஃபைலில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டுமே அந்தத் தேதி சொல்கிறது. எழுதியது ஆளா, எக்செலே தானாகவா, வேறு மென்பொருளா என்பது அதற்குத் தெரியாது. எழுதப்பட்டது புதிய தொகையா, ஏற்கெனவே இருந்த அதே தொகையா என்பதும் தெரியாது. ஆளைத் தேடுவதற்கு முன்னால் எந்தத் தேதி மாறியது, எந்த வழியில் மாறியது என்று பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு ஃபைல், பல தேதிகள்

எக்செல் ஃபைலுக்கு மாடிஃபைட் தேதி குறைந்தது இரண்டு உண்டு. ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் போன்ற கிளவுட் சேமிப்பிடத்தில் இருந்தால் மூன்று.

முதலாவது விண்டோஸ் வைத்திருப்பது. இது ஃபைலுக்குள் இல்லை, டிஸ்க்கின் பதிவேட்டில் இருக்கிறது. விண்டோஸ் டிஸ்க்குகளில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் முறை, ஒவ்வொரு ஃபைலுக்கும் உருவான நேரம், கடைசியாக எழுதிய நேரம், கடைசியாகத் திறந்த நேரம் ஆகிய மூன்றையும் வைத்திருக்கும். எக்ஸ்ப்ளோரரில் காட்டப்படாத நான்காவது ஒன்றும் உண்டு. ஃபைலைப் பற்றிய விவரங்கள் மாறிய நேரம் அது. பெயரை மாற்றினாலும், ரீட்-ஒன்லி டிக் வைத்தாலும், அனுமதிகளைத் திருத்தினாலும் இந்த நான்காவதுதான் நகரும். 'டேட் மாடிஃபைட்' அப்படியே இருக்கும். எனவே "ஃபைல் பெயரை மாற்றினேன், அதனால் தேதி மாறியிருக்கும்" என்று யாராவது சொன்னால், வேறு காரணத்தைத் தேடுங்கள்.

இரண்டாவது தேதி ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. எக்செல் 2007 முதல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். அதற்குள் 'டாக்ப்ராப்ஸ்' என்ற ஃபோல்டரும், அதில் 'கோர்' என்ற சிறிய எக்ஸ்எம்எல் ஃபைலும் இருக்கும். உருவாக்கிய நேரம், கடைசியாக சேவ் செய்த நேரம், சேவ் செய்தவர் பெயர் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எக்செல் சேவ் செய்யும்போதுதான் இது மாறும். ஃபைலைப் பென்டிரைவில் காப்பி செய்தாலும் மெயிலில் அனுப்பினாலும் டவுன்லோட் செய்தாலும் இது மாறாது. மூன்றாவது, கிளவுட் சர்வர் தன் பட்டியலில் வைத்திருக்கும் தேதி.

முதல் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'டீட்டெய்ல்ஸ்' டேபைத் திறங்கள். 'ஆரிஜின்' என்ற பகுதியில் 'டேட் லாஸ்ட் சேவ்டு', 'லாஸ்ட் சேவ்டு பை' என்று இருப்பவை உள்ளே உள்ளவை. கீழே 'ஃபைல்' என்ற பகுதியில் 'டேட் மாடிஃபைட்' என்று இருப்பது வெளியே உள்ளது. ஒரு ஃபோல்டரில் நிறைய ஃபைல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் பத்தித் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'மோர்' கொடுத்து, 'டேட் லாஸ்ட் சேவ்டு', 'டேட் கிரியேட்டட்' இரண்டுக்கும் டிக் வையுங்கள். எல்லா ஃபைலுக்கும் மூன்று தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

இந்த 'டீட்டெய்ல்ஸ்' டேபில் ஒரு பொறியும் இருக்கிறது. ஆசிரியர், டேக், தலைப்பு போன்ற கட்டங்களை அங்கேயே திருத்தலாம். தெரியாமல் எதையாவது தட்டிவிட்டு 'ஓகே' கொடுத்தால் அந்த மாற்றம் ஃபைலுக்குள் எழுதப்பட்டு, நீங்கள் ஆராய வந்த தேதியை நீங்களே மாற்றியவர் ஆவீர்கள். பார்த்து முடித்ததும் 'கேன்சல்' கொடுங்கள்.

தேதிகளை ஒப்பிட்டால் என்ன தெரியும்

உள்தேதியும் வெளித்தேதியும் சில விநாடி வித்தியாசத்தில் ஒன்றாக இருந்தால், எக்செல் வழியாகவே சேவ் ஆகியிருக்கிறது. 'லாஸ்ட் சேவ்டு பை' யார் என்று பாருங்கள். ஆனால் அங்கே வருவது எக்செல்லின் ஆப்ஷன்ஸில் பதிந்துள்ள பயனர் பெயர் மட்டுமே, யார் வேண்டுமானாலும் அதை மாற்றி வைக்கலாம். பல கணினிகளில் அது 'அட்மின்' என்றோ 'யூசர்' என்றோ இருக்கும், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

வெளித்தேதி புதிது, உள்தேதி பழையது என்றால் எக்செல்லில் சேவ் நடக்கவில்லை. டவுன்லோட், மெயில் இணைப்பு, காப்பி செய்த மென்பொருள், பேக்கப்பிலிருந்து மீட்டது, தேதியை மட்டும் தொடும் ஸ்கிரிப்ட் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். எண்களைப் பற்றிக் கவலைப்பட அநேகமாகத் தேவையில்லை.

வெளித்தேதி பழையது, உள்தேதி புதியது என்பது அபூர்வம். அப்படி இருந்தால் கணினிக் கடிகாரம் தவறாக இருந்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒரு கருவியைக் கொண்டு வெளித்தேதியைப் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

உருவான தேதி மாடிஃபைட் தேதியைவிடப் பிந்தியதாக இருப்பதைப் பார்த்துப் பலரும் குழம்புவார்கள். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டது எப்படி? விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால், புதிய பிரதிக்கு 'கிரியேட்டட்' தேதி அந்த நொடியில் வைக்கப்படும். மாடிஃபைட் தேதி மட்டும் பழைய ஃபைலிலிருந்து அப்படியே வரும். கையில் இருப்பது ஒரு பிரதி, அசல் வேறெங்கோ இருக்கிறது அல்லது இருந்தது என்பதுதான் இதன் பொருள்.

திறந்து மூடினாலே சேவ் ஆவது எப்படி

அதிகம் நடப்பது இதுதான். ஃபைலைத் திறந்து எதையும் தொடாமல் மூடப் போனால், "மாற்றங்களை சேவ் செய்யவா?" என்று எக்செல் கேட்கும். கேட்கிறதே என்று பலரும் 'சேவ்' கொடுத்துவிடுவார்கள். தேதி மாறிவிடும்.

ஒன்றும் செய்யாதபோது ஏன் கேட்கிறது? திறந்த கையோடு எக்செல் தானாகவே ஏதாவது கணக்குப் போட்டிருந்தால், அந்த ஃபைலில் சேவ் ஆகாத மாற்றம் இருப்பதாகக் குறித்துக்கொள்ளும். விடை முன்பு இருந்ததாகவே வந்தாலும் இந்தக் குறி விழும்.

கணக்கை மறுபடி போட வைப்பவை பல. டுடே, நவ், ராண்ட், ராண்ட்பிட்வீன், ஆஃப்செட், இன்டைரக்ட் ஆகிய சார்புகள் (ஃபங்ஷன்கள்) ஒவ்வொரு முறையும் திரும்பக் கணக்கிடப்படுபவை. ஃபைலில் எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு டுடே இருந்தாலும் போதும். 'இன்றைய தேதி' என்று தலைப்பில் அழகுக்காக வைத்தது, வயது கணக்கிடும் பத்தி, கடன் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் பத்தி ஆகியவைதான் வழக்கமாக மாட்டுபவை. தேடக் கன்ட்ரோல்+எஃப் அழுத்தி, 'ஆப்ஷன்ஸ்' விரித்து, 'விதின்' என்பதை 'வொர்க்புக்' என்றும், 'லுக் இன்' என்பதை 'ஃபார்முலாஸ்' என்றும் மாற்றிவிட்டு, சார்பின் பெயரைத் திறப்பு அடைப்புக்குறியோடு சேர்த்துத் தேடுங்கள். அடைப்புக்குறி இல்லாமல் தேடினால் சாதாரண வார்த்தைகளும் வந்து குவியும்.

இந்தத் தேடலில் சிக்காமல் போகும் இடம் ஒன்று உண்டு. பெயரிட்ட வரம்புக்குள், அதாவது தனிப்பெயர் சூட்டிய செல் பகுதிக்குள், ஆஃப்செட் இருந்தால், செல்லில் அந்த வரம்பின் பெயர் மட்டும்தான் தெரியும், சார்பு தெரியாது. கன்ட்ரோல்+எஃப்3 அழுத்தி 'நேம் மேனேஜர்' திறந்து, 'ரெஃபர்ஸ் டு' பத்தியைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். வரிசை கூடக்கூடத் தானாக நீளும் பட்டியலுக்காக யாரோ எப்போதோ எழுதிவைத்த ஆஃப்செட் அங்கே இருப்பது மிகச் சாதாரணம். அந்தப் பகுதியை எக்செல் டேபிளாக மாற்றி, ஆஃப்செட்டை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

அடுத்தது எக்செல் பதிப்பு. பழைய பதிப்பில் கடைசியாகக் கணக்கிடப்பட்ட ஃபைலைப் புதிய பதிப்பில் திறந்தால், எக்செல் எல்லா சூத்திரங்களையும் முதலிலிருந்து கணக்கிடும். பிறகு மூடும்போது சேவ் கேட்கும். ஒருமுறை புதிய பதிப்பில் சேவ் செய்துவிட்டால் அடுத்த முறை கேட்காது. ஆனால் ஒரே ஃபைலைப் பழைய எக்செல் வைத்திருப்பவரும் புதிய எக்செல் வைத்திருப்பவரும் மாறி மாறி சேவ் செய்தால், இந்தக் கேள்வி ஓயவே ஓயாது. வேறு மென்பொருள் ஏற்றுமதி செய்து தரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்களிலும், எக்செல்லின் கணக்கீட்டுக் குறிப்பு இல்லாததால் இதேபோல் முதல் தடவை முழுக் கணக்கீடு நடக்கும்.

பிறகு வெளியிலிருந்து தரவு இழுப்பவை. பிவட் டேபிளின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிவட்டேபிள் ஆப்ஷன்ஸ்' போய் 'டேட்டா' டேபில் பாருங்கள். 'ஃபைலைத் திறக்கும்போது புதுப்பி' என்ற பொருள்படும் ஒரு டிக் இருக்கும். பவர் க்வெரி இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸிலும் அதே டிக் உண்டு. 'இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பி' என்ற ஒன்றும் அங்கே இருக்கும். மற்ற ஃபைல்களுக்கான இணைப்புகளை 'டேட்டா' மெனுவில் உள்ள இணைப்புகள் பட்டியலில் பார்க்கலாம். ஒரு ஃபைலின் எண் இன்னொரு ஃபைலிலிருந்து வருகிறதென்றால், அந்த இன்னொன்று மாறினால் இதுவும் நியாயமாகவே மாறும். தேதி மட்டும் நகர்ந்தது என்று இதை ஒதுக்கிவிடக்கூடாது, தொகையும் உண்மையிலேயே மாறியிருக்கலாம்.

மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள் எழுதிவைத்த சிறு நிரல், உள்ள ஃபைலாக இருந்தால், ஆல்ட்+எஃப்11 அழுத்தி 'திஸ்வொர்க்புக்' என்பதை டபுள் கிளிக் செய்யுங்கள். திறக்கும்போதோ மூடும்போதோ ஓடும் நிரல் அங்கேதான் இருக்கும். அதில் சேவ் கட்டளை இருந்தால், கேள்வியே கேட்காமல் ஃபைல் சேவ் ஆகிவிடும். சோதனைக்காக அந்த மேக்ரோ ஓடாமல் திறக்க வேண்டுமானால், எக்செல்லுக்குள் 'ஓப்பன்' பெட்டியில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி திறக்க வேண்டும்.

இத்தனையையும் தவிர்க்க, கணக்கீட்டை 'மேனுவல்' ஆக்கிவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த அமைப்பு ஒரு ஃபைலோடு நிற்காது. முதலில் திறந்த ஃபைலின் அமைப்பை எக்செல் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் அதே அமர்வில் திறக்கும் எல்லா ஃபைலுக்கும் பொருத்திவிடும். தேதியைக் காப்பாற்றப் போய், வேறொரு ஃபைலில் கூட்டல் புதுப்பிக்கப்படாமல் தவறான தொகை நிற்கும். தேதி தவறாக இருப்பதைவிட இது பல மடங்கு மோசம்.

ஆட்டோசேவும் ஆட்டோரெக்கவரும்

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஆட்டோரெக்கவர், கணினி திடீரென நின்றுவிட்டால் மீட்பதற்காக வைத்துக்கொள்ளும் பிரதி. இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, வேறொரு இடத்தில் எழுதும். அசல் ஃபைலை அது தொடாது, அதன் தேதியும் மாறாது.

ஆட்டோசேவ் வேறு. ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருக்கும் ஃபைலைத் திறந்தால், எக்செல்லின் இடது மேல் மூலையில் இந்த ஸ்விட்ச் தெரியும். அது ஆனில் இருந்தால் சில விநாடிக்கு ஒருமுறை அசல் ஃபைலிலேயே எழுதும். முன்னே சொன்ன டுடேயும் இந்த ஆட்டோசேவும் ஒரே ஃபைலில் சேர்ந்தால், திறந்தாலே போதும், கேள்வி எதுவும் இல்லாமல் தேதி மாறிவிடும். இதே ஃபைல் தனிக் கணினியில் இருந்தவரை 'டோன்ட் சேவ்' கொடுத்துத் தப்பித்தவர்களுக்கு, கிளவுடுக்கு மாறியதும் இது புதிய சிக்கலாகத் தெரியும். பார்வைக்காக மட்டும் ஒரு எண்ணை மாற்றிப் பார்த்துவிட்டுச் சேவ் செய்யாமல் மூடும் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சோதனை எண் உண்மையிலேயே சேவ் ஆகிவிடும்.

ஒரு ஃபைலுக்கு மட்டும் வேண்டாமென்றால் அந்த ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாமென்றால் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' போய், கிளவுடில் உள்ள ஃபைல்களை இயல்பாக ஆட்டோசேவ் செய்யச் சொல்லும் டிக்கை எடுங்கள். பலர் சேர்ந்து வேலை செய்யும் ஃபைலில் இதை எடுப்பது நல்ல யோசனை அல்ல. அங்கே தேதிக்குப் பதிலாக, பழைய பதிப்புகளைப் பட்டியலிடும் வெர்ஷன் ஹிஸ்டரியை நம்புவதே சரி.

ஷேர்பாயின்ட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே ஃபைல்களை வைக்கும் நூலகத்துக்கென்று (லைப்ரரி) வகுத்த பண்புகள் இருந்தால், ஏற்றிய ஆபீஸ் ஃபைலுக்குள் ஷேர்பாயின்ட் அவற்றை எழுதிவிடும். ஏற்றிய ஃபைலும் திரும்ப இறக்கிய ஃபைலும் அளவில் சற்று வேறுபட இதுவே காரணம். ஷீட்டில் உள்ள எண்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கூகுள் ஷீட்ஸில் சேவ் என்ற செயலே தனியாக இல்லை. பட்டியலில் தெரியும் தேதி 'கடைசியாக மாற்றியது'தானா, 'நான் கடைசியாகத் திறந்தது'தானா என்பதை முதலில் பத்தித் தலைப்பில் பாருங்கள், பாதிப் பேருக்குக் குழப்பம் அங்கேயே தீரும். யாரும் தொடாமல் மாறியிருந்தால், அந்த ஷீட்டோடு இணைந்த கூகுள் ஃபார்மில் பதில் வந்திருக்கலாம், அல்லது நேரம் வைத்து ஓடும் ஸ்கிரிப்ட் இருக்கலாம். ஒரு செல்லின் மேல் ரைட் கிளிக் செய்து எடிட் ஹிஸ்டரி பார்த்தால், அந்தச் செல்லை யார் எப்போது மாற்றினார்கள் என்று வரும்.

பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலும் ஃபோல்டரின் தேதியும்

2007-க்கு முந்தைய எக்ஸ்எல்எஸ் வகைக்குத் தனிக் குணம் உண்டு. எடிட் செய்யும் நிலையில் அதைத் திறந்தவுடன், திறந்தவரின் பெயரை எக்செல் அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதும். அதனால் திறந்திருக்கும்போதே தேதி புதிதாகத் தெரியும். சேவ் செய்யாமல் மூடினால் பழைய தேதியைத் திரும்ப வைத்துவிடும். ஆனால் எக்செல் பாதியில் முடங்கினாலோ, நெட்வொர்க் டிரைவின் தொடர்பு நடுவில் அறுந்தாலோ, புதிய தேதியே நின்றுவிடும். மதியம் பார்த்தபோது ஒரு தேதி, மாலையில் பார்த்தபோது பழைய தேதி என்று யாராவது சொன்னால், நடுவில் வேறொருவர் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தார் என்று அர்த்தம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக மாற்றிவிடுவதே இதற்கு நிரந்தரத் தீர்வு.

ஃபோல்டரின் தேதியை ஃபைலின் தேதி என்று நினைத்துக்கொள்வதும் நடக்கும். எக்செல் ஒரு ஃபைலைத் திறந்ததும், அதே ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்த பெயரோடு ஒரு மறைவான சிறு ஃபைலை உருவாக்கும். யார் திறந்து வைத்திருக்கிறார் என்று அடுத்தவருக்குச் சொல்வதற்காக அது. மூடியதும் அது அழிக்கப்படும். ஒரு ஃபோல்டருக்குள் ஃபைல் உருவானாலோ அழிந்தாலோ அந்த ஃபோல்டரின் மாடிஃபைட் தேதி மாறும். எனவே ரீட்-ஒன்லி இல்லாமல் சும்மா திறந்து மூடினாலும் ஃபோல்டர் தேதி புதிதாகிவிடும்.

மணிக்கணக்கில் தள்ளி நிற்கும் தேதி

தேதி சரியாக 1 மணி நேரம் முன்னோ பின்னோ நின்றால், அல்லது அந்த இடத்தின் நேர மண்டல வித்தியாசம் அளவுக்கு நின்றால், அது திருத்தத்தின் அடையாளம் அல்ல. என்டிஎஃப்எஸ், நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் வைத்திருந்து, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றும். பழைய பென்டிரைவ்களில் உள்ள ஃபேட்32, உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவிடும், எந்த மண்டலம் என்ற குறிப்பு அதில் இருக்காது. கோடைகாலத்தில் கடிகாரத்தை 1 மணி நேரம் முன்னால் தள்ளும் நாடுகளில், ஃபேட்32-இலிருந்து வரும் ஃபைல்கள் எல்லாம் ஒரே நாளில் 1 மணி நேரம் மாறியதாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஜிப்பிலும் அடிப்படை நேரக் குறிப்பு இப்படித்தான்.

ஃபேட்32 மாடிஃபைட் நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில் மட்டுமே வைத்திருக்கும். அதனால் பென்டிரைவுக்குப் பேக்கப் எடுக்கும் மென்பொருள், தொடாத ஃபைல்களையும் 'மாறியவை' என்று மறுபடி மறுபடி காப்பி செய்யும். விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்துபவர்கள் எஃப்எஃப்டி என்ற ஸ்விட்சைச் சேர்த்தால் 2 விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. டிஎஸ்டி என்ற ஸ்விட்ச் 1 மணி நேர வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பல வருடம் பின்னால் போன தேதி என்றால், கணினியின் மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்திருக்கும். வழக்கமாக அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. எதிர்காலத் தேதி நின்றால், ஃபைல் இருக்கும் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். நெட்வொர்க் டிரைவில் எழுதும்போது நேரத்தைப் பெரும்பாலும் சர்வர்தான் குறிக்கிறது, உங்கள் கணினி அல்ல.

எண்கள் உண்மையில் மாறினவா

பழைய பிரதி ஒன்று கையில் இருந்தால், தேதியை விட்டுவிட்டு உள்ளடக்கத்தையே ஒப்பிடலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளையை இரண்டு ஃபைலுக்கும் கொடுத்தால், ஹேஷ் எனப்படும் இரண்டு நீண்ட குறியீடுகள் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு எழுத்துகூட மாறவில்லை, விஷயம் முடிந்தது. வேறாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். வெறுமனே கன்ட்ரோல்+எஸ் அழுத்தியிருந்தாலும் உள்தேதி மாறும், அதனால் ஹேஷும் மாறும்.

அடுத்து, இரண்டு ஃபைலையும் தனி ஃபோல்டரில் காப்பி செய்து, நீட்சியை ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். 'எக்ஸ்எல்' ஃபோல்டருக்குள் 'வொர்க்‌ஷீட்ஸ்' என்று இருக்கும், அதில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். இவற்றுக்கு ஹேஷ் எடுத்து ஒப்பிட்டால் எந்த ஷீட்டில் வித்தியாசம் என்று தெரியும். ஷீட்டில் உள்ள சொற்கள் மட்டும் 'ஷேர்டுஸ்ட்ரிங்ஸ்' என்ற தனி ஃபைலில் இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். டுடே இருந்த ஷீட் என்றால் அதன் விடை எண் மாறியிருக்கும், அது எதிர்பார்த்ததே. பிரித்த துண்டுகளின் தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். எக்செல் ஜிப் உறுப்புகளுக்கு அந்தத் தேதியைத்தான் போடுகிறது.

இவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால், ஆபீஸின் ப்ரொஃபஷனல் ப்ளஸ் பதிப்பிலும் நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட் 365-இலும் 'ஸ்ப்ரெட்ஷீட் கம்பேர்' என்ற மென்பொருள் சேர்ந்தே வருகிறது. இரண்டு ஃபைலைக் கொடுத்தால் போதும். உள்ளிட்ட மதிப்பு மாறியதா, சூத்திரம் மாறியதா, வெறும் நிறம் மாறியதா என்று பிரித்துக் காட்டும். கிளவுடில் இருக்கும் ஃபைலாக இருந்தால் 'ரிவ்யூ' மெனுவில் 'ஷோ சேஞ்சஸ்' பாருங்கள். கடந்த 60 நாட்களுக்குள் எந்தச் செல்லை யார் மாற்றினார்கள் என்று வரும்.

எது எழுதுகிறது என்று கையும் களவுமாகப் பிடிக்க

எக்செல்லை யாரும் திறக்காமலேயே தேதி மாறிக்கொண்டிருந்தால், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள 'ப்ராசஸ் மானிட்டர்' உதவும். ஃபில்டரில் 'பாத்', 'பிகின்ஸ் வித்' என்று வைத்து ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள். ஃபைலின் பெயரை மட்டும் கொடுத்தால் முக்கியமானது தவறிப்போகும். ஏனென்றால் எக்செல் சேவ் செய்யும்போது அசல் ஃபைலின் மேல் நேரடியாக எழுதாது. அதே ஃபோல்டரில் வேறு பெயரில் தற்காலிக ஃபைல் எழுதி முடித்து, பிறகு அதற்கு அசல் பெயரைச் சூட்டும். பட்டியலில் 'செட்ரீநேம்' என்று தொடங்கும் வரி வந்தால் அதுதான் சேவ். 'செட்பேசிக்இன்ஃபர்மேஷன்ஃபைல்' என்ற வரி மட்டும் வந்து, எழுதும் வரி ஒன்றும் இல்லையென்றால், ஏதோ ஒரு மென்பொருள் தேதியையோ பண்புகளையோ மட்டும் தொட்டிருக்கிறது. எந்த மென்பொருள் என்று பக்கத்துப் பத்தியிலேயே இருக்கும். பேக்கப், சிங்க் மென்பொருள்கள்தான் பெரும்பாலும் அங்கே நிற்கும்.

சர்வரில் பலர் பயன்படுத்தும் ஃபோல்டர் என்றால், சர்வரிலேயே ஃபைல் தணிக்கையை இயக்கி, அந்த ஃபோல்டருக்கு 'ஆடிட்டிங்' பட்டியலில் எழுதும் செயலை மட்டும் சேர்க்க வேண்டும். பிறகு ஈவன்ட் வியூவரின் செக்யூரிட்டிப் பதிவில் 4663 என்ற எண்ணைத் தேடினால் ஆள், ஃபைல், நேரம் மூன்றும் வரும். படிப்பதையும் சேர்த்துத் தணிக்கை செய்தால் பதிவேடு சீக்கிரம் நிரம்பி, பழைய வரிகள் போய்விடும். இயக்கிய பிறகு நடப்பவை மட்டுமே இதில் பதியும், நேற்று நடந்தது வராது.

இனி மாறாமல் இருக்க

முடிந்த கணக்கைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், எக்செல்லின் 'ஓப்பன்' பெட்டியில் 'ஓப்பன்' பொத்தானின் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி 'ஓப்பன் ரீட்-ஒன்லி' கொடுங்கள். மற்றவர்களும் அப்படியே திறக்க வேண்டுமென்றால் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'ப்ரொடெக்ட் வொர்க்புக்' போய் 'ஆல்வேஸ் ஓப்பன் ரீட்-ஒன்லி' வையுங்கள். இது கேட்டுக்கொள்வது போலத்தான், வேண்டுமென்றால் மீறித் திறக்கலாம். உறுதியாகத் தடுக்க ஃபோல்டர் அனுமதியில் படிக்கும் உரிமை மட்டும் கொடுப்பதே வழி. யாருக்கும் சூத்திரம் தேவையில்லை என்றால் பிடிஎஃப் பிரதி ஒன்றும் சேர்த்து வையுங்கள்.

மாடிஃபைட் தேதியைச் சான்றாகக் காட்டி யார் மீதாவது குற்றம் சாட்டுவதற்கு முன், பவர்ஷெல்லில் ஒரே வரியில் அந்தத் தேதியை எந்த நாளுக்கும் மாற்றிவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள். தேதி முக்கியமான ஃபைலுக்கு, ஃபைல் பெயரிலேயே 2024-03-31 என்பது போல வருடம் முதலில் வரும்படி எழுதுங்கள். அப்படி எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகவும் இருக்கும்.

ஷீட்டுக்குள் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று காட்ட டுடே வைக்காதீர்கள். அது எப்போதும் இன்றைய தேதியைத்தான் காட்டும், திறந்தவுடன் சேவ் கேட்கவும் வைக்கும். அந்தச் செல்லில் கன்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையை அழுத்தினால் அன்றைய தேதி நிலையான மதிப்பாக விழும். அதைத் தானாகச் செய்ய வேண்டுமென்றால், தொகை உள்ளிடும் பகுதி மாறும்போது மட்டும் நவ் மதிப்பை எழுதும் ஒரு சிறு மேக்ரோவை அந்த ஷீட்டின் 'சேஞ்ச்' நிகழ்வில் வைக்கலாம். சேவ் நிகழ்வில் வைத்தால் வெறும் கன்ட்ரோல்+எஸ்ஸும் பதிவாகிவிடும். மேக்ரோவோடு ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேவ் செய்ய வேண்டும். மேக்ரோ ஒவ்வொரு முறை ஓடும்போதும் அன்டூ பட்டியல் அழிந்துவிடும் என்பதால், தப்பாகத் தட்டியதைக் கன்ட்ரோல்+இசட் கொடுத்துத் திருப்ப முடியாது என்பதை அந்த ஷீட்டில் வேலை செய்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.